பாதாம் கிளையில் ஒரு சிவப்பு நூல்

வசந்தம் முழுக்க ஒரே பாதாம் கிளையைத் தினமும் படமெடுத்து, ஷிராஸ் நகரில் நடக்கும் கண்காட்சிக்குத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தாள் கொல்னார். கிளை மாறிவிடாமலிருக்கச் சிவப்பு நூல் ஒன்று கட்டியிருந்தாள். இன்று காலை பார்த்தால் கிளை நிறையப் பச்சைத் துணிகள், பூவே தெரியவில்லை. பக்கத்து வீட்டு ஃபராங்கிஸ் இன்னொன்றை முடிந்துகொண்டிருந்தாள்.

"ஐயோ அக்கா, இது வேண்டுதல் மரமில்ல! அடையாளத்துக்கு நான் கட்டின நூல் அது!"

"போடி பைத்தியம். நேத்து ஒரு துணி கட்டினேன். கோவிச்சுக்கிட்டுப் போன மருமக ராத்திரியே வந்து நிக்கிறா. அதைக் கேட்டுத்தான் விடியறதுக்குள்ள தெருவே வந்து கட்டியிருக்கு. அதுக்கு என்ன சொல்ற?"

கொல்னார் ஒரு துணியின் முடிச்சில் விரல் வைத்தாள். அவிழ்த்தால் யார் யாருடைய வேண்டுதலோ அறுந்துபோகும். அவிழ்க்காவிட்டால் படத்தில் பூ இருக்காது. கேமராவைத் தூக்கினாள், இறக்கினாள்.

"எடுக்கிறதுன்னா என் துணி தெரியற மாதிரி எடு," என்றாள் ஃபராங்கிஸ்.

எதைப் படமெடுக்கிறோம் என்றே புரியாமல் கொல்னார் பொத்தானை அழுத்தினாள்.