தொட்டிலைப் பார்த்த கேமரா

நாகர்கோவிலில் கேமராக் கடை வைத்திருந்த செல்வன், ஆன்ட்ரூஸின் வீட்டில் கேமராவை வாசலைப் பார்க்க மாட்டத்தான் ஏணியைப் போட்டார். திருட்டுக்குப் பயந்து எல்லாரும் அப்படித்தான் மாட்டுவார்கள். மஸ்கட்டிலிருந்து போனில் பேசிக்கொண்டிருந்த ஆன்ட்ரூஸ் விடவில்லை.

"வாசலப் பாத்து எனக்கு என்ன கிட்டும் அண்ணாச்சி? தொட்டிலப் பாத்து வையும். எனக்க பிள்ளைக்க மொகம் தெரியணும்."

கடற்கரை ஊர்களில் கல்ஃப்காரன் பிள்ளையைப் பார்ப்பது லீவு கிடைத்த பிறகுதான். அதற்குள் ஞானஸ்நானம் முடிந்து பல்லும் முளைத்திருக்கும். ஆசையாகக் கை நீட்டுகிறவனைக் கண்டு பிள்ளை வீறிட்டு அழும். ஊரார் சிரிப்பார்கள், அப்பனுக்குத்தான் நெஞ்சு அறுந்துபோகும். மகன் பெனின் தன்னைக் கண்டு அழக்கூடாது என்று ஆன்ட்ரூஸுக்குப் பிடிவாதம். வேலை முடிந்து அறைக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து, கேமரா வழியே "மக்கா" என்று கூப்பிடுவான். பிள்ளை சுவரை அண்ணாந்து பார்த்துச் சிரிக்கும். மனைவி ரெஜிஷா தொட்டிலருகே உட்கார்ந்து பால் கொடுப்பாள். கட்டினவன் பார்க்கிறான், அதில் என்ன கூச்சம்?

2013-ல் ஒருநாள் கேமராவில் குரல் வரவில்லை. போன்தான் வந்தது. ஆன்ட்ரூஸின் அறையில் தங்கியிருந்த ஒருவன், தன் போனுக்கு வந்த வீடியோ ஒன்றைச் சிரித்துக்கொண்டே காட்டியிருக்கிறான். ஒரு பெண் பிள்ளைக்குப் பால் கொடுக்கிறாள். பின்னால் ஆன்ட்ரூஸ் வீட்டு நீலச் சுவர், மாதா படம் போட்ட பங்குக் கோயில் காலண்டர்.

"ஏட்டி, யாருக்குப் பாஸ்வேர்டு குடுத்தே?"

"மாதா சத்தியமா ஒருத்தருக்கும் குடுக்கல்ல."

"சாவி குடுக்காம பூட்டின வீட்டுக்குள்ள எவம்டி வருவான்?"

ரெஜிஷா பெனினை மடியில் போட்டுக்கொண்டு அழுதாள்.

வீடியோ ஊருக்கும் வந்து சேர்ந்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கோயிலில் அவள் உட்கார்ந்த பெஞ்சிலிருந்து பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து இடம் மாறினார்கள். அதே பெண்களின் புருஷன்மார் அதை எத்தனை தடவை பார்த்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

ரெஜிஷாவின் அப்பா சிலுவைதாசன் அவளை அழைத்துக்கொண்டு செல்வனிடம் போனார். அவர் வள்ளக்காரர். அவர்கள் ஊரில் புது வள்ளம் இறக்கினால் முதல் நாள் அதைச் செய்த ஆசாரியும் அதில் ஏறிக் கடலுக்குப் போகவேண்டும். தண்ணீர் புகுந்தால் அவனும் சேர்ந்து முங்குவான். அதனால் ஓட்டையை மறைத்து ஒருத்தனும் வள்ளம் விற்றதில்லை.

"இதுக்க ஆசாரி யாருவே?" என்று கேட்டார் அப்பா.

"நான் விக்கியவன்லா அண்ணாச்சி. செஞ்சவன் கடலுக்கு அக்கரையிலல்லா இருக்கான்."

அடுத்து அவர்கள் போய்ப் பார்த்த லட்சுமிப்ரியா என்ற நாகர்கோவில் வக்கீல்தான் பொறுமையாகத் தேடிக் காரணத்தைக் கண்டுபிடித்தாள். "பாஸ்வேர்டே வேண்டாம் அக்கா. அதுக்குள்ள இருக்க சாஃப்ட்வேர்ல ஓட்டை. கேமராவுக்க இன்டர்நெட் விலாசம் தெரிஞ்சவன் எவனும் உள்ள வந்து பாக்கலாம். போன வருசமே ஒருத்தர் கம்பெனிக்கு எழுதிச் சொல்லியிருக்காரு. திருத்தவும் செஞ்சிட்டாங்க."

"பின்ன எனக்க கேமராவ ஏன் திருத்தல்ல?"

"அவங்க வெப்சைட்ல போட்டு வச்சிருக்காங்க. நாமளே போயி எடுத்து ஏத்தணுமாம். ஓட்டைன்னு எங்கயும் சொல்லல்ல. 'சில சிறு மேம்பாடுகள்'னு மட்டும் எழுதியிருக்கு."

சிறு மேம்பாடுகள்! தெரிந்தவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரெஜிஷா கேமராவை அன்றே கழற்றிக் கடலில் வீசியிருப்பாளே.

அன்றே ஆன்ட்ரூஸுக்குப் போன் செய்தாள். அவன் சொன்னான்: "வக்கீலு நமக்கு வேண்டித்தான் பேசும். செஞ்ச கம்பெனிக்காரன் எழுதித் தரட்டும், தப்பு அவனுக்குன்னு. நான் நம்புதேன்."

அவளுக்கு நஷ்டஈடு வேண்டியிருக்கவில்லை. பாஸ்வேர்டு இல்லாமலே எவனும் பார்த்திருக்கலாம் என்ற அந்த ஒரு வரி போதும். அதைக் கேட்டுத்தான் லட்சுமிப்ரியா நோட்டீஸ் அனுப்பினாள். மழைக்காலம் முழுக்க ரெஜிஷா காத்திருந்தாள். ஆன்ட்ரூஸ் மாதத்துக்கு ஒருமுறை கூப்பிட்டு, பிள்ளைக்குச் சுகமா என்று கேட்டுவிட்டு வைத்தான்.

பதில் வந்தது. கழுவுற மீனில் நழுவுற மீன் அந்தக் கம்பெனி. உங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு வருந்துகிறோம். கேமராவை முதலில் இயக்கும்போது 'சம்மதம்' என்று நீங்கள் அழுத்திய ஒப்பந்தப்படி, மென்பொருளின் குறைகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல. வழக்கிருந்தால் எங்கள் நாட்டு நீதிமன்றத்தில் தொடுக்கலாம். கடவுச்சொல்லைப் பத்திரமாக வைத்துக்கொள்வது பயன்படுத்துபவரின் கடமை. நல்லெண்ணத்தின் அடையாளமாகப் புதிய மாடல் கேமரா ஒன்றை இலவசமாக அனுப்புகிறோம்.

"நாம இங்கயே கேஸ் போடலாம் அக்கா," என்றாள் லட்சுமிப்ரியா. "ஆனா எத்தன வருசம் ஆவும்னு சொல்ல முடியாது. ஜெயிச்சாலும் அவங்கள இங்க கொண்டுவர முடியுமான்னு தெரியல்ல." அவள் கண்ணும் கலங்கியிருந்தது.

ஆன்ட்ரூஸ் அந்தப் பதிலில் ஒரு வரியைத்தான் பார்த்தான். "பாத்தியா? பாஸ்வேர்டு ஒனக்க கடமைன்னு அவனே எழுதிட்டான்."

பார்சல் வந்த அன்று, அவள் கேட்காமலே, அதை மாட்டச் சொன்னான். அவளுக்கு ஒரு நப்பாசை. பிள்ளையைப் பார்க்க ஆசை வந்துவிட்டது, கோபம் ஆறிவிட்டது என்று நினைத்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறி, பழைய ஆணியிலேயே மாட்டினாள். இயக்கப் போனால் முதலில் நீளமான ஒப்பந்தம் வந்தது, கடைசியில் அதே 'சம்மதம்'. அதை அழுத்தாமல் கேமரா வேலை செய்யாது. அழுத்தினாள்.

நடக்கப் பழகியிருந்த பெனினை இடுப்பில் எடுத்துக்கொண்டு கேமராவுக்கு நேரே வந்து நின்றாள்.

"அப்பாவப் பாரு மக்கா," என்றாள். "தெரியுதானா, பெனினுக்க அப்பா?"

"நீ தள்ளு," என்றது சுவர். "கேமராவ வாசலப் பாத்துத் திருப்பு. வாறவன் போறவன் தெரியணும்."

"வாசலுக்குத் திருப்பினா பிள்ள தெரியமாட்டானே."

"பரவால்ல. திருப்பு."

வருடம் ஒன்றாகக் கேட்காத அந்தக் குரலைக் கேட்டு, பெனின் வீறிட்டு அழுதான்.