மொன் கராப்

எழுபத்தாறாம் வருஷம். கல்கத்தா டாக்குரியாவில் மகன் வீட்டுக்கு நான் வந்து ஒரு வருஷம் இருக்கும். அங்கே ஒரு வங்காளி டாக்டர் என் முகத்தைப் பார்த்து, "மொன் கராப்?" என்று கேட்டார்.

கரக்பூர் லோகோ ஷெட்டில் முப்பத்திரண்டு வருஷம் பிட்டராக இருந்தவன் நான். ஷெட்டில் இந்தியே போதும், வங்காளம் அரைகுறைதான். கராப் எனக்குத் தெரியாதா? ஓடாத இஞ்சினில் சாக்பீஸால் எழுதுகிற வார்த்தை. மொன் என்றால் மனசு. மனசு ரிப்பேர் என்றால் பைத்தியம்தானே. இல்லை என்று உறுமினேன். கல்கத்தாவிலேயே பிறந்த என் மருமகள் தமயந்தி அவரோடு வங்காளத்தில் கடகடவென்று பேசினாள். கழுத்தைத் தடவிப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

கோளாறே இல்லை என்று சொல்ல மாட்டேன். சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர் இல்லாமல் குளிர்ந்தது. பகலெல்லாம் தூக்கம். என் சம்சாரம் போய் மூன்று வருஷம். அவள் திதிக்கு ஐயர் பெயர் கேட்டபோது எனக்கு வாயில் வரவில்லை. மகன்தான் அலமு என்றான். அன்றிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் அடுக்களையில் குசுகுசுத்தார்கள். பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் தள்ளப் போகிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

ரத்தம் எடுத்த நாலாம் நாள் ரிப்போர்ட் வந்துவிட்டதென்று காதில் விழுந்தது. பையை எடுத்துக்கொண்டு, கரக்பூருக்கே போய்விடலாமென்று டாக்குரியா ஸ்டேஷனுக்கு நடந்தேன். கரக்பூர் வண்டி ஹவுராவில் அல்லவா கிளம்பும்? பிளாட்பாரத்தில் உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. ஹவுராவுக்கு எந்த பஸ்? தெரியவில்லை. எந்த வழியாக வந்தேன்? அதுவும் தெரியவில்லை.

தமயந்தி வியர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தாள். நான் பயந்ததைச் சொன்னேன்.

"மாமா, மொன் கராப்னா பைத்தியம் இல்ல. மனசு வருத்தமா இருக்கான்னு கேட்டாரு."

"நீ சொன்னா நான் நம்பணுமா?"

டீ விற்கிறவனைக் கூப்பிட்டு இந்தியில் கேட்டேன். பெண்டாட்டி பிறந்த வீட்டுக்குப் போனால் தனக்கும் மொன் கராப்தான், திரும்பி வந்தால் இன்னும் கராப் என்றான். தமயந்தி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ரிப்போர்ட்டில் இருந்ததைத் தமயந்தி சொன்னாள். கழுத்தில் ஒரு சுரப்பி மந்தமாகிவிட்டதாம். குளிர், தூக்கம், மறதி, வருத்தம் எல்லாம் அதனாலும் வருமாம். தினம் ஒரு மாத்திரை போட்டால் சரியாகலாமாம். கழுத்தில் இருப்பது அலமுவின் பெயரை எப்படிப் பிடுங்கிக்கொண்டு போகும்?

"அவ புடவையப் பாத்தா அழுகை வருதே, அதுவும் கழுத்தாலயா?"

"அது எனக்குத் தெரியல மாமா," என்றாள்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். எழுந்தேன்.

"மாத்திரைய வாங்கிட்டே போயிடலாம். நீ முன்னாடி நட. எனக்கு வீடு எந்தப் பக்கம்னே தெரியல."