பத்தடிக்கு எட்டு அங்குலம்

1

குதிரையைப் பற்றி ஒரு கதை அனுப்புகிறேன் என்று பத்திரிகை ஆசிரியருக்குக் கடிதம் போட்டுவிட்டேன். அது முழு உண்மையில்லை. கதை ஒரு தரையைப் பற்றியது. தரையைப் பற்றிக் கதை எழுதினால் எவன் படிப்பான் என்று பயந்து குதிரையை முன்னால் நிறுத்தினேன்.

நான் பவுல்சாமி. மயிலாப்பூரில் ஓர் எஞ்சினியர் ஆபீசில் தலைமை டிராப்ட்ஸ்மேன். மற்ற நாட்களில் பிளான் போடுவேன், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கதை எழுதுவேன். 1946 ஐப்பசியில் நடந்ததை மூன்று வருஷம் கழித்து, நான்காவது தடவையாக எழுத உட்கார்ந்திருக்கிறேன். கிழித்துப் போட்ட தொடக்கங்களில் ஒன்று இது:

“அடையாற்றங்கரையில் அந்திச் சூரியன் செவ்வொளியை அள்ளித் தெளித்துக்கொண்டிருந்த வேளையில், அந்தப் புத்தம்புதிய குதிரை ஆஸ்பத்திரியின் வாசலில் ஓர் அபலை...”

சீ! அந்தியும் இல்லை, அபலையும் இல்லை. காலை பத்து மணி, தூறல். அடித்துவிட்டேன்.

2

விஷயம் இதுதான். ஒரு தர்ம சங்கத்தார் அடையாறில் வண்டிக் குதிரைகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட எங்களிடம் வந்தார்கள். பன்னிரண்டு கொட்டில்கள். அதுவரை நாங்கள் மனுஷர்களுக்குத்தான் கட்டியிருந்தோம். அதனால் மிருக டாக்டர் வேண்டியதை எல்லாம் கடிதமாக எழுதிக் கொடுத்தார். காற்று குதிரையின் உடம்பில் நேராக அடிக்காமல் தலைக்கு மேலே போக வேண்டும், ஆகையால் ஜன்னல் எட்டடி உயரத்தில். சுவரில் கூர்மூலை கூடாது. குளம்பு வழுக்காமல் இருக்க சிமெண்டில் கோடு கிழிக்க வேண்டும். தரை, தீனித்தொட்டியிலிருந்து பின்னால் இருக்கும் வாய்க்காலுக்குப் பத்தடிக்கு இரண்டு அங்குலம் சாய வேண்டும். மூத்திரம் ஓட அது போதும். அதற்கு மேல் சாய்ந்தால் குதிரை நாள் முழுக்க மேட்டைப் பார்த்து நிற்கும், முன்னங்காலின் பின்நரம்பு இழுபடும்.

(இந்தப் பத்தியைத் தாண்டிப் போனவர்கள் தயவுசெய்து திரும்பி வாருங்கள். கதையே இதில்தான் இருக்கிறது.)

படம் போட்டவன் மர்சலின். சாந்தோம்காரன், என் வயசு, பத்து வருஷமாகப் பக்கத்து மேஜை. அவன் இரண்டு போடவில்லை, நான்கு போட்டான். அது ஆபீஸ் வழக்கம். இந்த ஊர்க் கொத்தனார்கள் நாங்கள் போடும் சாய்வைப் பாதியாக்கித்தான் போடுவார்கள். குளியலறையில் தண்ணீர் தேங்கும், வீட்டுக்காரர் வந்து குதிப்பார். அதனால் இரண்டு வேண்டுமென்றால் நாங்கள் நான்கு எழுதுவோம். யார் கூட்டுவது, படம் போடுகிறவனா, அதைச் சரிபார்க்கிறவனா என்று எங்கும் எழுதி வைத்ததில்லை. கைக்கு வந்தவர் கூட்டுவோம்.

கொத்தனார் அய்யாதுரை திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புதிதாக வந்தவர். ரசமட்டம் வைத்துப் பார்க்காமல் சாப்பாட்டு இலையைக்கூடப் போடமாட்டார்.

3

பேகம் அந்த ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் நோயாளி. மயிலாப்பூர்க் குளத்தருகே ஜட்கா ஓட்டும் இனாயத்தின் பெட்டைக் குதிரை. மழையில் வழுக்கி வலது முன்னங்கால் நரம்பு பிசகிவிட்டது. பத்து நாள் வைத்தியத்தில் தேறுவதற்குப் பதில் கால் இன்னும் வீங்கியது. வெள்ளிக்கிழமைக்குள் காலை ஊன்றாவிட்டால் சுட்டுவிடுவதுதான் இரக்கம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

புதன்கிழமை நானும் மர்சலினும் சைக்கிளில் போனோம். குதிரைக்காக அல்ல. மழையில் தண்ணீர் தேங்குகிறதா என்று பார்க்க. ஒரு சொட்டு தேங்கவில்லை! எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இனாயத் ஓடி வந்தார்.

“சார், இத்தக் கட்னது நீங்கதான? பேகத்த வந்து பாருங்க சார். அவுத்து வுட்டா தீனித்தொட்டிக்கு முதுவக் காட்டிக்கினு நிக்குது. பசிக்குது, ஆனா அந்தப் பக்கம் திரும்ப மாட்டேங்குது. எட்டு வருசமா எங்கூட கீது, ஒரு நாளு மொரண்டு புடிச்சதில்ல.”

மருந்துக் கட்டு நழுவுகிறது என்று ஆஸ்பத்திரி ஆட்கள் அதன் தலையைத் தீனித்தொட்டிப் பக்கச் சுவரோடு ஒட்டிக் கட்டியிருந்தார்கள். கழுத்தெல்லாம் வியர்வை. கால் வெடவெடவென்று நடுங்கியது.

மர்சலின் குந்தி உட்கார்ந்து வைக்கோலை ஒதுக்கினான். மிச்சச் சில்லறை வேலைக்காக அங்கேயே இருந்த அய்யாதுரையின் ரசமட்டத்தை வாங்கித் தரையில் வைத்தான். குமிழி ஒரே ஓட்டமாக மேட்டுப்பக்கம் ஓடி முட்டி நின்றது.

“இன்னா அய்யாதுரை, எவ்ளோ போட்டீங்க?”

“எட்டு அங்குலம். படத்துல எட்டுன்னு இருக்கு, எட்டு போட்டிருக்கேன். ஒரு நூலு கூடக்கொறைய இருந்தா எங்கைய வெட்டிப் போடுங்க.”

“எட்டா? நான் நாலுதானய்யா போட்டேன்!”

(இங்கே எனக்கு மர்சலின்மேல் சந்தேகம் வருகிறது. அடுத்து அவன் செய்யப்போவதை எந்த மனுஷனும் செய்யமாட்டான், வாசகர் நம்பமாட்டார். அவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் கொடுக்கலாமா என்று யோசித்தேன். பொடி போடுவான் என்று எழுதினேன். அவன் பொடி போட்டதில்லை. அடித்துவிட்டேன்.)

4

மர்சலின் அய்யாதுரையிடமிருந்து படத்தை வாங்கிப் பிரித்தான். அவன் எழுதிய நான்கின் குறுக்கே சிவப்புப் பென்சில் கோடு. அதற்கு மேலே எட்டு.

எங்கள் ஆபீசில் சிவப்புப் பென்சில் ஒருவர் பையில்தான் இருக்கும். படம் எல்லாவற்றையும் சரிபார்க்கிற தலைமை டிராப்ட்ஸ்மேன் பையில்.

சொல்லிவிடுகிறேன். அன்று படத்தைச் சரிபார்க்கும்போது நான்கைப் பார்த்தேன். டாக்டர் கேட்டதே நான்கு போலிருக்கிறது, மர்சலின் கூட்ட மறந்துவிட்டான் என்று நினைத்தேன். டாக்டரின் கடிதம் கைக்கெட்டும் அலமாரியில்தான் இருந்தது. எழுந்துபோய் எடுக்கச் சோம்பல்.

மர்சலின் படத்திலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். டாக்டர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள். யாராவது வாயைத் திறந்தாக வேண்டும். நான் ஜன்னலைப் பார்த்தேன். சரியாக எட்டடி உயரத்தில் இருந்தது.

மர்சலின் படத்தை மடித்துக்கொண்டான்.

“டாக்டர், குதிர மேல தப்பில்ல. தர ஜாஸ்தி சாஞ்சி கீது. ரெண்டு போட வேண்டியது எட்டாப் பூட்ச்சி. படம் நான் போட்டது. மொதல்ல அந்தக் கயித்த அவுக்கச் சொல்லுங்க.”

கயிற்றை அவிழ்த்தார்கள். பேகம் மெதுவாகத் திரும்பி, முன்னங்கால் பள்ளத்தில் படும்படி நின்று, பெரிய மூச்சு விட்டது. இனாயத் வாளியில் கொள்ளை எடுத்துக்கொண்டு போய் அதன் வாய்க்கு நேரே பிடித்தார். தின்றது. “யா அல்லா, யா அல்லா” என்று அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் அப்போதும் பேசவில்லை. வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

திரும்பி வரும்போது அடையாறு பாலத்தில் மர்சலின் சைக்கிளை நிறுத்தினான்.

“உனுக்கு மூணு பொண்ணு கீது பவுலு. வுடு.”

அவனுக்கு இரண்டு. அதை நான் அப்போது எடுத்துச் சொல்லவில்லை.

5

இனி முடிவு.

முதல் வரைவில் பேகத்தைக் கொன்றேன். துப்பாக்கிச் சத்தம், காக்கைகள், எல்லாம் வைத்தேன். வாசகர் கண்ணீரைப் பாதியாக்கித்தான் எடுத்துக்கொள்வார், ஆகவே இரண்டு மடங்காகப் போடு என்ற அதே ஆபீஸ் புத்தி. உண்மையில் பேகம் வெள்ளிக்கிழமையே காலைத் தரையில் ஊன்றியது. பன்னிரண்டு கொட்டிலின் தரையையும் கொத்திப் போட்டுவிட்டு இரண்டு அங்குலத்தில் மறுபடி போட்டோம். பேகம் இன்றும் குளத்தருகே ஓடுகிறது. அது வருவதைப் பார்த்தால் நான் தெருவின் எதிர்ப்பக்கம் போய்விடுகிறேன்.

இரண்டாவது வரைவில், டாக்டர் முன்னால் நான் ஓர் அடி எடுத்து வைத்து, “அந்த எட்டு என்...”

இல்லை. நான் சொல்லவில்லை. கதையில் மட்டும் சொல்லிக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை?

மூன்றாவது, நடந்தது. திங்கட்கிழமை எஞ்சினியர் மர்சலினை வரவேண்டாம் என்றார். அவன் தன் கோடு போடும் டி-ஸ்கொயர் கட்டையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, என் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனான். ராயபுரத்தில் எங்கோ பிள்ளைகளுக்குப் படம் வரையச் சொல்லித் தருவதாகக் கேள்வி.

இதற்கு அப்புறம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியாது. எங்கள் எஞ்சினியர் இந்தப் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து விடாமல் படிப்பவர். நீங்கள் இந்த வரிக்கு வரும்போது அவரும் வந்திருப்பார். (ஆசிரியர் அவர்களுக்கு: என் பெயரை மாற்றிப் புனைபெயர் போட வேண்டாம்.) ராயபுரம் பக்கம் இருக்கிறவர்கள் யாராவது இந்தப் பிரதியை மர்சலினிடம் கொடுத்தால், முடிவை அவன் சொல்லட்டும். திட்டினாலும் சரி.

ஒரே ஒரு வேண்டுகோள். இந்த முறை நான் எதையும் கூட்டிப் போடவில்லை. நீங்களும் பாதியாக்கிப் படிக்காதீர்கள். எட்டு போட்டவன் நான்.