பெயர் சொல்லாத தீவு

அந்தத் தடியின் நுனி எங்கள் தீவை முழுதாக மூடிவிட்டது, நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், பேச்சாளர் என்ன சொல்கிறார் என்பதை அல்ல... எவ்வளவு சிறியது, ஒரு நகக்கண் அளவு, அதற்குள் எங்கள் கோயிலும் துறையும் நல்ல தண்ணீர்க் கிணறும் சவக்காலையும் எப்படி அடங்கின? மேலே மின்விசிறி ஆறுதலாகச் சுற்ற, தொங்கவிட்டிருந்த தேசப்படத்தின் கீழ்ப்பக்கம் எழும்பி எழும்பி விழுந்தது, நீலம் தீட்டிய கடல் உண்மையிலேயே அசைகிறது போல இருந்தது, எனக்குக் கண் சொருகியது. எழுபத்தெட்டாம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை காலை. யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் படிக்கிற என் மகள் மாக்கிறேற்றுக்குப் பொரித்த மீனும் தோய்த்த உடுப்பும் கொண்டுபோனவள் நான், கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்புவதாகத்தான் இருந்தேன், அவள்தான் கையைப் பிடித்து இழுத்தாள், "இருந்து கேளுங்கோ அம்மா, எங்கடை கடலைப் பற்றித்தான் கதைக்கினம்." நாட்டின் பாதுகாப்பு, உளவு, வெளிநாட்டுக் கொள்கை என்று மூன்று பேச்சு, மூன்றும் ஒருவரே. வெளிநாட்டு அலுவல்களில் முப்பது வருஷம் இருந்து இளைப்பாறியவராம், நரைத்த தலை, சுத்தமான தமிழ், தண்ணீர் குடிக்கும்போதுகூட ஒரு மரியாதை. நாங்கள் யார் பக்கமும் சேராத நாடு என்றார், இந்தியாவோடு பேசி நடுக்கடலில் கோடு போட்டதைச் சொன்னார். பின்னாலிருந்து ஒரு பெடியன், "சேர், எங்கடை வீட்டு வேலிச் சண்டைக்கும் இந்த அணிசேராமை சரிவருமோ?" என்று கேட்க, அவர் "வேலி உம்முடையதா, பக்கத்து வீட்டாருடையதா என்று முதலில் முடிவு செய்யும்" என்றார். மண்டபம் சிரித்தது. எனக்கும் அவரைப் பிடித்துவிட்டது.

பிறகு உளவுக்கு வந்தார். உளவு என்றால் இரகசியத்தைத் திருடுவது என்று நினைக்கிறோம், இல்லை, சனங்கள் தாங்களாகவே வாய்விட்டுச் சொல்வதைக் கவனமாகக் கேட்பதுதான் அதில் முக்கால் பங்கு என்றார். உதாரணத்துக்கு இந்தப் படத்தில் இருக்கிற ஒரு தீவு, பெயர் வேண்டாம், என்று தடியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அங்கேயிருந்து சில படகுகள் அக்கரைக்குப் போய்ச் சேலையும் பீடி இலையும் தீர்வையில்லாமல் ஏற்றிவரும், எந்த நாள் வரும், எந்த நேரம் வரும் என்று அறிய ஒற்றர்களை அனுப்பினார்களாம், ஒருவரும் வாய் திறக்கவில்லையாம். கடைசியில் ஒரு புத்திசாலி கண்டுபிடித்தான், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்ச் சனங்களோடு வாங்கில் உட்கார்ந்திருந்தால் போதும். பூசை முடிகிற நேரம் அந்தக் கிழமைக்குரிய பூசைக் கருத்துகளை வாசிப்பார்கள், இன்ன நாள் இன்னாருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காக, இன்ன நாள் இன்னாருக்குக் காய்ச்சல் மாற... நடுவில் ஒன்று வரும், வெள்ளிக்கிழமை, கடற்பயணம் போனவர் சுகமாய்க் கரை சேர. "வலை போடப் போகிறவனுக்கு யாரும் பூசை கொடுப்பதில்லை பாருங்கள். அக்கரைக்குப் போகிறவனுக்கு மட்டும்தான். அதுவும் அவன் கரைக்கு வருகிற நாளில்தான். ஆகவே, திகதியை வீட்டுக்காரியே எழுதிக் கொடுத்துவிடுகிறாள்." அப்போதுதான் அந்தப் பெரிய சிரிப்பு எழும்பியது. "அப்ப சேர், கோயில் அந்தோனியாரும் ஒற்றரோ?" என்று அதே பெடியன், திரும்பவும் சிரிப்பு. நானும் சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, நன்றாகவே சிரித்தேன். சிரிப்பு அடங்கும்வரை பார்த்திருந்துவிட்டு அவர் குரலைத் தாழ்த்தி, ஒரு தடவை, எழுபதிலோ என்னவோ, ரோந்தைக் கண்டு திருப்பிய படகொன்று கல்லில் ஏறி உடைந்தது, ஒருவர் இறந்தார், அது துரதிர்ஷ்டம், என்றார். அடுத்ததாக வானொலிச் செய்திகளை எப்படிக் கேட்பது என்று தொடங்கிவிட்டார். மாக்கிறேற் குனிந்து கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தாள். ஒருவர் இறந்தார் என்பதையும் எழுதினாளா?

அந்த ஒருவருக்கு ஒரு பெயர் இருந்தது, குருசுமுத்து, அவர் என் மனுசன்... இல்லை, வேறு யாராகவும் இருக்கலாம், தீவுகளில் எத்தனை கோயில், எத்தனை படகு, எத்தனை பெண்கள் பூசை கொடுத்திருப்பார்கள்? எழுபதிலோ என்னவோ என்றுதானே சொன்னார். ஆனால் அந்தப் பூசைக் கருத்துத் துண்டு என் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது, கலண்டர் தாளின் பின்பக்கம், நான் குசினி மேசையில் வைத்து எழுதியது, பேனை மை ஒரு இடத்தில் கசிந்து "சுகமாய்" என்ற சொல்லுக்குக் கீழே ஒரு பொட்டு. கோயில் மூப்பர் பஸ்ரியாம்பிள்ளை அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, "றோசம்மாவின்ரை எழுத்து அச்சடிச்ச மாதிரி, வாசிக்கிற எனக்குச் சுகம்" என்றார், எனக்கு அதில் ஒரு பெருமை. நாள் எதற்கு எழுதினேன்? எழுதாமல் எப்படி? அவர் கரைக்கு வருகிற அதே விடியலில் இங்கே நற்கருணை உயர வேண்டும், அதுதானே எங்கள் வழக்கம், என் தாயும் அப்படித்தான் கொடுத்தாள், அவளுடைய தாயும். முந்திப் பூசை இலத்தீனில் இருந்தபோது யாருக்கு விளங்கியது, பிறகு எல்லாம் தமிழ் ஆயிற்று, மூப்பரின் குரலோ கடற்கரை வரைக்கும் கேட்கும். ஞாயிறு வாசித்தார்கள். திங்கள் அவர் போனார். வெள்ளி விடிந்து வருகிற நேரம் நான் முன்வாங்கில் முழந்தாளில் நின்றேன், சுவாமியார் அப்பத்தை உயர்த்தினார், அந்த நேரம் கல்லில்... படகிலிருந்த மற்ற இருவரும் நீந்திக் கரையேறினார்கள். அவர் மூன்றாம் நாள் புங்குடுதீவுக் கரையில், இறுப்பிட்டிப் பக்கமாக ஒதுங்கினார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் தேத்தண்ணிக்கு எழும்பினார்கள். மாக்கிறேற், "எப்பிடியம்மா, நல்லாக் கதைச்சார் என்ன?" என்றாள். ஓம் என்றேன். முகம் ஏன் வெளிறிக் கிடக்குது என்று கேட்டாள், வெக்கை என்றேன். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது, துண்டு எழுதியதை அவள் காணவில்லை, பூசை நேரம் பக்கத்தில் நித்திரை தூங்கிக்கொண்டிருந்தாள்... அல்லது எல்லாம் விளங்கித்தான் என்னை அப்படிப் பார்த்தாளா? கேட்க என்னால் ஏலவில்லை. பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறியபோது இரண்டு பக்கமும் கடல், அசைவில்லாத, முழங்கால் அளவுத் தண்ணீர், அதில் நின்று ஒருவன் இறால் கூடு தூக்குகிறான், தண்ணீருக்குள் தலைகீழாக இன்னொருவன் அதே கூட்டை இறக்குகிறான், பஸ் ஓடுகிறதா அல்லது அவர்கள்தான் பின்னால் போகிறார்களா என்று தெரியாத ஒரு வெளிச்சம். எனக்கு முன்னால் இருந்த மீன்காரி கூடையை மடியில் வைத்துத் தூங்கினாள். நான் மட்டும் விழித்துக்கொண்டு ஒரு பெயரைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தேன், அல்லைப்பிட்டி வரைக்கும் தள்ளினேன், வேலணையில் வந்து உட்கார்ந்துவிட்டது. லியோன்.

லியோன் குருசுமுத்துவின் படகில் எட்டு வருஷம் ஓடியவன். அந்தத் திங்கட்கிழமை காய்ச்சல் என்று படுத்துவிட்டான். அது ஒன்று போதுமாக இருந்தது எங்களுக்கு. அவன்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறான், இல்லாவிட்டால் ஏன் அன்றைக்கு மட்டும் காய்ச்சல், இல்லாவிட்டால் ரோந்துக்கு எப்படி நாள் தெரியும்? முதலில் யார் சொன்னது என்று எனக்கு ஞாபகமில்லை, ஆனால் சொல்லி முடித்தது நான்தான். சவப்பெட்டியைத் தூக்க மூன்று பேர் குனிந்தபோது நாலாவது ஆளாக அவன் வந்து நின்றான், அழுது வீங்கிய முகம், நான் எல்லோருக்கும் கேட்க, "அந்தக் கையாலை தொடாதையும் லியோன்" என்றேன். கையை எடுத்தான். அன்றையிலிருந்து எந்தப் படகும் அவனை ஏற்றவில்லை, சுண்ணாம்புச் சூளைக்குக் கல் சுமந்தான், கடலைப் பார்த்த வீட்டில் இருந்துகொண்டு கல் சுமந்தான். அவன் மனுசி ஜசிந்தா நாங்கள் எல்லோரும் அள்ளிப் போன பிறகுதான் கிணற்றுக்கு வருவாள். இப்போது முல்லைத்தீவுப் பக்கம் யாரோ சம்மாட்டி தன் படகுகளுக்கு ஆள் எடுக்கிறாராம், குடும்பத்தோடு போகிறார்கள், திங்கட்கிழமை லொறி வருகிறது என்று மூப்பர் வீட்டில் கதைத்தார்கள், தொலைஞ்சால் நல்லது என்று நானும்... நானும் என்ன சொன்னேன்? அந்த இடத்தில் என் வாயைத் தேடினேன், பஸ்ஸின் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்குப் போகாமல் நேரே அவன் வளவுக்குப் போனேன். கால்கள் போயின என்றுதான் சொல்லவேண்டும், பையில் வெறும் மீன் சட்டி கலகலத்தது. லியோன் முற்றத்தில் குந்தியிருந்து பழைய வலையைச் சாக்குக்குள் மிதித்து அடைத்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் எழும்பி, மடித்துக் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து இறக்கினான். எட்டு வருஷத்துக்குப் பிறகும், "வாங்கோ அக்கா" என்றான். ஜசிந்தா வாசலில் நின்றாள், இருக்கச் சொல்லவில்லை, இருக்கக் கதிரையும் இல்லை, எல்லாம் கட்டியாயிற்று. நான் நின்றபடியே சொன்னேன், வளாகம், படம், தடி, கோயில் வாங்கு, கலண்டர் தாள், ஒன்றுக்கும் ஒன்றுக்கும் தொடர்பில்லாமல் சொன்னேன். முடிவில், "நீர் இல்லை லியோன். நான்தான்" என்றேன். அவன் வலையைப் பார்த்துக்கொண்டே, "அது தெரியும் அக்கா" என்றான்.

தெரியுமா?

"அந்த ஞாயித்துக்கிழமை பின்வாங்கிலை ரெண்டு பேர் இருந்தவை. புதுச் சேட்டு. நாங்கள் முழந்தாளிடேக்கை பக்கத்திலை பாத்துப் பாத்துப் பிந்தி முழந்தாளிட்டவை. மூப்பர் வாசிக்க ஒருத்தன் சட்டைப் பையிலை பேனையைத் தேடினவன். நான் அண்ணையிட்டைப் போய்ச் சொன்னனான், நாளை மாத்துவம் எண்டு. அண்ணை சிரிச்சார். 'அவள் வெள்ளிக்கிழமைக்குப் பூசை குடுத்திட்டாள். வெள்ளிக்கிழமை நான் வராட்டி அவளைச் சுவாமிக்கு முன்னாலை பொய்க்காரி ஆக்கிப்போடுவன் மச்சான்' எண்டார். எனக்குக் காய்ச்சல் ஒண்டும் இல்லை அக்கா. பயம். போகேல்லை." கொஞ்ச நேரம் சாக்கின் வாயை இழுத்துக் கட்டினான். "ஏன் அப்பவே சொல்லேல்லை?" என்று கேட்டேன், கேட்டது என் குரல் மாதிரி இல்லை. "பெட்டியிலை கை வைக்க வேண்டாம் எண்டியள். அப்ப உங்களிட்டை அந்தக் கோபம் ஒண்டுதான் மிச்சம். அதையும் பறிச்சுக்கொண்டு..." கயிற்றின் நுனியைப் பல்லால் கடித்து இறுக்கினான்.

குருசுமுத்துவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் போனாரா? திங்கட்கிழமை பின்னேரம் படலையில் நின்று திரும்பிப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் போனாரே, அந்தப் பார்வையை நான் எட்டு வருஷமாக எத்தனை விதமாக வாசித்திருக்கிறேன், ஒரு தடவையாவது இப்படி வாசித்தேனா... "நாளைக்கு நான் கோயிலிலை எழும்பிச் சொல்லுறன்" என்றேன். சொன்ன பிறகுதான் அதன் பாரம் தெரிந்தது, பூசை முடிகிற நேரம், எல்லா வாங்கும் திரும்பிப் பார்க்க, மூப்பர் பார்க்க, அடுத்த கிழமை யாரோ பஸ்ஸில் மாக்கிறேற்றிடம் கேட்க. "வேண்டாம் அக்கா" என்றான் லியோன். "நாங்கள் போறம்தானே. மாக்கிறேற் படிக்கட்டும். நான் அண்ணையைத் தனிய விட்டவன், அதுக்கு ஊர் என்ன பேர் வைச்சாலும் எனக்குச் சரி." அந்த நேரம் ஜசிந்தா வாசலை விட்டு இறங்கினாள். எட்டு வருஷத்தில் அவள் என்னோடு பேசிய முதல் பேச்சு. "அவர் வேண்டாம் எண்டுவார். எனக்கு வேணும்" என்றாள். சத்தம் போடவில்லை, தண்ணீர் ஒரு குடம் கேட்பதுபோலக் கேட்டாள். "நீர் பேசாமல் இரும்" என்றான் லியோன். அவள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சரி லியோன்" என்று நான் சொன்னது எனக்கே கேட்டது. நெஞ்சுக்குள் ஏதோ இளகி, மூச்சு சுகமாக இறங்கியது, வெயில் தணிந்து கடற்காற்று எழும்புகிற நேரம், படலையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் அந்தச் சுகத்திலேயே நடந்தேன், அது என்ன சுகம் என்று பார்க்காமல் நடந்தேன். அங்கே இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள், இரண்டும் எனக்கு நன்றாகவே கேட்டன. நான் பதில் சொன்னது ஒருவருக்குத்தான்.