கூரையில் நின்ற கார்

கை பிரேக்கைப் போடாமல் இறங்கியதற்கு வீட்டுத் தரகர் பிற்பாடு நிறையக் காரணம் சொன்னார். போன் அடித்ததாம், வெயில் கண்ணைக் குத்தியதாம், அக்கா அவசரப்படுத்தினாளாம். எல்லாம் புளுகு. பார்க்க வந்த வீட்டை எப்படி மட்டம் தட்டலாம் என்ற யோசனையிலேயே இறங்கிவிட்டார், அவ்வளவுதான்.

மலைச்சரிவில் மேல் சாலையும் கீழ் வீட்டின் மொட்டைமாடியும் ஒரே மட்டம். அவரும் அக்காவும் பக்கத்துப் படிகளில் பாதி இறங்குவதற்குள், கார் தன்பாட்டுக்குக் கிளம்பி, ஓரத்துச் செடித்தொட்டிகளை நொறுக்கிக்கொண்டு மாடிக்குள் புகுந்து, தண்ணீர்த் தொட்டியில் மூக்கை முட்டி நின்றது.

உள்ளேயிருந்து வீட்டுக்காரர் வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நிமிர்ந்து பார்த்தார். தன் வீட்டுக்கு மேலே நம்பர் பிளேட் தெரிந்தது.

"ஆயுசு பூரா பஸ் ஓட்டினேன் தம்பி. ஒரு நாளும் அடுத்தவன் தலைமேல நிறுத்தினதில்ல."

"மன்னிச்சுக்கங்க சார். செடித்தொட்டியெல்லாம் நானே வாங்கித் தந்துடறேன்."

"அது கிடக்கட்டும். வீடு பாக்க வந்தீங்களா, இல்ல இடிக்க வந்தீங்களா?"

அக்கா சிரித்துவிட்டாள். தரகருக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. இதுவரை காட்டிய எந்த வீட்டிலும் அவள் சிரித்ததில்லை.

அக்கா பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். கணவர் இறந்த பிறகு தம்பி வீட்டோடுதான் இருக்கிறாள். போன மாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "எனக்கு ஒரு சின்ன வீடா பாரேன்டா" என்றாள். ஏன் என்றதற்கு "சும்மாதான்" என்றாள். ஊருக்கே வீடு பிடித்துக் கொடுக்கிறவனுக்கு, சொந்த அக்காவே வீட்டைவிட்டுப் போகிறேன் என்றால் எப்படியிருக்கும்? அன்றைக்கே ஒரு முடிவு செய்தார். வீடு காட்டுவது. எதையும் பிடிக்காமல் செய்துவிடுவது.

மற்ற வாடிக்கையாளர்களிடம் அவர் வாயில் இருட்டறை 'அமைதி' ஆகும், சுவரில் கசியும் ஓதம் 'குளுமை' ஆகும், மூச்சு முட்டும் படிகள் 'தினமும் உடற்பயிற்சி' ஆகும். அக்காவிடம் அந்த நாக்கையே திருப்பிப் போட்டார். வருத்தம் என்னவென்றால், இந்த முறை பொய்யே தேவைப்படவில்லை.

முதலில் அடிவாரம். ஒன்றன் முதுகில் ஒன்று சாய்ந்த வீடுகள். "இங்க நீ தும்மினா மூணாவது வீட்ல மூக்கைத் துடைப்பாங்க." அக்கா, "பாக்கலாம்" என்றாள்.

அடுத்து நடுமலை. ஒல்லித் தூண்கள்மேல் நிற்கும் அடுக்குமாடிகள். முன்பக்கம் பளபளவென்று பளிங்கு, பின்பக்கம் பூசாத செங்கல்; அரிதாரம் பூசிக்கொண்டு முதுகைக் காட்ட மறுக்கிற நடிகை மாதிரி. லிஃப்டில் கண்ணாடி உண்டு, கரண்ட் கிடையாது. "காத்தடிச்சா கட்டடம் காலை மாத்தி வெச்சு நிக்கும்க்கா." அதற்கும் "பாக்கலாம்."

கடைசியாக உச்சி. அங்கேதான் பணம் குடியிருக்கிறது, புத்தி கீழேயே நின்றுவிட்டது. பனியே பெய்யாத ஊரில் பனி வழுக்கிவிழக் கூம்புக் கூரை. தட்டினால் டம்மென்று ஒலிக்கும் அரண்மனைத் தூண்கள். ஊரையே பார்க்கலாம் என்று நாலு பக்கமும் கண்ணாடி வைத்துக் கட்டி, குடிவந்த வாரமே வெயில் தாளாமல் கனத்த திரை போட்டுவிட்ட மாளிகைகள். அங்கே ஒரு மாளிகையின் தோட்டத்து அறை வாடகைக்கு இருந்தது. "வேணாம்க்கா. இவங்க நாய் பேரைச் சொல்லவே நாக்குக்குப் பயிற்சி வேணும்" என்றார். அதற்கும் அதே "பாக்கலாம்."

எந்த வீட்டையும் அவள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. தரகர் தன் சாமர்த்தியத்தை எண்ணிச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

இன்றைய வீட்டுக்கு, 'கூரை பலமில்ல' என்று சொல்வதாக இருந்தார். கூரையோ அவருடைய காரைச் சுமந்துகொண்டு அசையாமல் நின்றது.

உள்ளே போனார்கள். ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. பின்சுவர் மலையின் பாறையே. தரகர் அதைத் தடவி, ஈரமான விரலை அக்காவிடம் காட்டினார்.

"பாத்தியா? உனக்குச் சளி வேற பிடிக்கும்."

"மழைக்காலத்துல கசியும்மா" என்றார் வீட்டுக்காரர். "அந்தப் பக்கம் கட்டில் போடாதீங்க. நான் மகன்கிட்ட போறேன். முட்டி வலி, படி ஏற முடியல. இல்லன்னா இதை விடமாட்டேன்."

"படி வேற! கேட்டியாக்கா?"

"எனக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு" என்றாள் அக்கா. படுக்கையறைக் கதவைச் சாத்தினாள், திறந்தாள், மறுபடி சாத்தினாள். தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள்.

"ஜன்னல்ல என்ன தெரியுது பாரு. அடுத்தவன் தண்ணி டேங்க்!"

"கண்ணாடி மாளிகையில திரைதானே தெரிஞ்சுது?"

வீட்டுக்காரர் நிலைமை புரிந்து, "காரை இழுக்க ஆள் கூட்டிட்டு வரேன்" என்று படியேறிப் போனார்.

தரகர் சமையல் மேடையில் சாய்ந்தார்.

"அக்கா, என் பொண்டாட்டி ஏதாவது சொன்னாளா?"

"அவ தங்கம்டா."

"பசங்க?"

"அதுங்க என்ன சொல்லும், பாவம்."

"அப்போ நானா? நான் தொணதொணன்னு பேசறேன், தெரியும். குறைச்சுக்கறேன். நேரா சொல்லுக்கா, சும்மாதான், பாக்கலாம்னு மழுப்பாத. என் வீட்ல உனக்கு என்ன குறை?"

அக்கா கதவின் மேலிருந்து கையை எடுக்கவில்லை.

"நான் படுக்கறது உன் வீட்டு ஹால்லடா. சாப்பிட்ட கையோட எனக்குக் கண்ணு சொக்குது, ஆனா உங்க டிவி தூங்கினாத்தான் நான் தூங்கலாம். யாராவது வந்தா தலகாணிய சோபாவுக்குப் பின்னால ஒளிச்சு வைக்கறேன். உங்க மாமா நினைப்பு வந்து அழணும்னா பாத்ரூமுக்குப் போறேன், அங்கயும் யாராவது வந்து கதவைத் தட்டறீங்க. நீங்க யாரும் கெட்டவங்க இல்ல. எனக்கு ஒரு கதவு வேணும், அவ்வளவுதான். இந்த வீட்டை எடுத்துக்கறேன்."