கேட்டால்தான் பேசும் கணவர்

...அதே வார்த்தைகள்தானா, இல்லை நம் மனசுதான் இல்லாததைக் கற்பிக்கிறதா என்று கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தாள், 'கணவர் கேட்டால்தான் பதில் சொல்கிறார், தானாகப் பேசுவதே இல்லை', அதேதான், ஓர் எழுத்துப் பிசகவில்லை, வேலை பார்க்கும் மருந்துக்கடையில் மாத்திரைப் பெட்டிகளுக்கு நடுவே நின்றுகொண்டு, அழுதுகொண்டே தங்கையிடம் போனில் சொன்னது, பெற்ற அம்மாவிடம்கூடச் சொல்லாதது, இப்போது கொட்டை எழுத்தில் தலைப்பாகி, அதன் கீழே 'தம்பதியர் மன ஆலோசனை, வீட்டிலிருந்தே பேசலாம்' என்று தங்கையின் சிரித்த முகம்... எதற்கு வந்து உட்கார்ந்தோம் இந்தக் கம்ப்யூட்டர் முன்னால்? அவள் கேட்டாளே என்றுதானே? ஆஸ்பத்திரி வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கியவள், பாவம், ஆளே வரவில்லை என்று புலம்பியவள், "நெட்ல தேடினா என் பக்கம் மேல வருதான்னு பாரேன்க்கா" என்றாள். 'குடும்ப ஆலோசகர்' என்று அடித்தால் எங்கேயோ அடியில் கிடந்தாள். "ஜனங்க டாக்டர் மாதிரி தேட மாட்டாங்கக்கா, வலிக்கிற மாதிரிதான் தேடுவாங்க, அந்த வார்த்தையப் பிடிக்கணும், அதுதான் கீவேர்டு" என்று பாடம் எடுத்திருந்தாளே, சரி, நமக்கு வலிப்பதை அடித்துப் பார்ப்போமே என்று விளையாட்டாக... விளையாட்டாகவா? முதல் ஆளாக வந்து நின்றாள் தங்கை.

தலைப்புக்குக் கீழே இரண்டு வரி, 'சில கணவர்கள் வளர்க்கும் கிளியிடம்கூட மனம்விட்டுப் பேசுவார்கள், மனைவியிடம்...' கிளியாம், கிளி! கூடத்தில் மீன்தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டு, "இருடா, இருடா, வந்துட்டேன்" என்று மீனைக் கொஞ்சும் மனிதரை வேறு யார் பார்த்திருக்கிறார்கள்? அன்று அழுது முடித்ததும், "இன்னொரு தடவ சொல்லுக்கா, மெதுவா சொல்லு" என்றாளே, எவ்வளவு பரிவு என்று நெஞ்சு நிறைந்து மறுபடி சொன்னோமே, அப்போது அவள் கேட்டுக்கொண்டிருந்தாளா, எழுதிக்கொண்டிருந்தாளா? கை தானாகப் போனை எடுத்தது, கதவைச் சாத்திக்கொண்டாள்.

"அதை எடுத்துடு."

"எதைக்கா?"

"தெரியாத மாதிரி கேக்காத. நான் உன்கிட்ட அழுததை."

"அய்யோ, உன் பேரையா போட்டேன்? மீனைக்கூடக் கிளின்னு மாத்திட்டேன். அந்த ஒரு வரியாலதான்க்கா ஆளே வர ஆரம்பிச்சிருக்கு. உன்ன மாதிரி எத்தனை பேர் இருக்காங்க தெரியுமா?"

உன்ன மாதிரி... போனை வைத்துவிட்டாள். கூடப் பிறந்தவளுக்கு அக்கா போய் 'உன்ன மாதிரி' ஆகிவிட்டது, சின்ன வயசில் இவள் உடைத்த சாமான்களுக்கெல்லாம் அடி வாங்கியது யார்? நம்பி மடியில் தலை வைத்தால் மயிரை எண்ணி விற்கிறாள், நல்ல பிழைப்பு. முழுக்கப் படித்துவிடுவது, இன்னும் எதையெல்லாம் கடை பரப்பியிருக்கிறாள் என்று பார்த்துவிடுவது, அம்புக்குறியைத் தலைப்பின்மேல் கொண்டுபோனாள், அப்போதுதான் கண்ணில் பட்டது, மற்ற தலைப்புகளெல்லாம் நீலம், இது ஒன்று மட்டும் மங்கிய ஊதா, ஏற்கெனவே திறந்து பார்த்த பக்கம்தானே இந்த நிறத்துக்கு மாறும், நான் இன்னும் திறக்கவே இல்லையே, இந்தக் கம்ப்யூட்டரைத் தொடுவது இந்த வீட்டில் இன்னொருவர்தானே...

படித்திருக்கிறார். கிளி யார், மனைவி யார் என்று தெரியாமலா இருந்திருக்கும்? எந்த வார்த்தையை அடித்துத் தேடிப் போய்ச் சேர்ந்தார் அந்தப் பக்கத்துக்கு, அவருக்கு எது வலித்தது... போன வாரம் சாப்பிட்டுக் கை கழுவும்போது, யாரும் கேட்காமல், "வெளியில மழை வர்ற மாதிரி இருக்கு" என்றாரே, முந்தாநாள், "உன் செருப்பு வார் அறுந்திருக்கு, தைச்சு வச்சேன்" என்றாரே, அதை நாள் முழுக்கக் கடையில் மென்றுகொண்டிருந்தோமே, அப்படியானால் அந்த மழை அவர் வானத்தில் பார்த்ததா, தங்கையின் பக்கத்தில் 'கேட்காமலே பேசுங்கள்' என்று படித்ததா?

"துணியெல்லாம் காஞ்சிடுச்சு, எடுத்துட்டு வரவா?" கதவுக்கு வெளியே, கூடத்திலிருந்து அவர் குரல்.

அவள் விரல் மவுஸின்மேல் அப்படியே இருந்தது. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, வாங்க என்று சொல்லவும் வரவில்லை, கதவுக்கு அந்தப் பக்கம் அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.