வாடகை தராதவை

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பார்க்க வருகிறவர்கள் குறிப்பு எழுதிவிட்டுப் போகும் தன் இணையதளத்தின் வருகைப் பக்கத்தைத் திறந்த அக்சிலியா, கடைசி வரியைப் படித்ததும் எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டாள். ‘செடியெல்லாம் நல்லா இருக்குது ஆக்சி. பாலத்துக்கு எந்தப் பக்கம் குடியிருக்கே?’ கீழே பெயர் இல்லை. அவளை ஆக்சி என்று கூப்பிட்டவன் ஒருவன்தான். சேலத்தில் அவள் விட்டுவிட்டு வந்த கணவன் ஜெரால்ட்.

காவிரிப் பாலத்துக்கு இந்தப் பக்கம், பள்ளிபாளையத்துக்கு வந்த புதிதில் யாரிடமும் வாய் திறக்கப் பயந்து, சுவர் வெடிப்பிலும் சாக்கடை ஓரத்திலும் முளைக்கும் செடிகளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். ஃபேஸ்புக்கில் போட்டால் அவன் கண்ணில் பட்டுவிடும். அதனால் ஒவ்வொரு வரியாகத் தானே நிரல் எழுதி ஒரு தளம் கட்டினாள். ஓரங்கள் கோணல், எழுத்தெல்லாம் பச்சை. ‘வாடகை தராதவை’ என்று பெயர் வைத்தாள். முகம் தெரியாத யார் யாரோ வந்து, தங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் முளைத்த அரசங்கன்றைப் பற்றி எழுதிவிட்டுப் போனார்கள். அதைப் படிக்கும்போது மட்டும் அவள் தோள்களின் இறுக்கம் தளரும்.

அந்தப் பெயரேதான் காட்டிக்கொடுத்திருக்கிறது. சேலம் வீட்டுச் சுவர்ச் செடியை அவள் அப்படித்தான் சொல்வாள். அவன் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு அவளைப் பார்த்துச் சிரிப்பான். அவன் முறுக்கி ஒடித்த இடது மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்குவதில்லை.

ஊர் எப்படித் தெரிந்தது என்று படங்களை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒரு குப்பைமேனிக்குப் பின்னால் தெருப்பெயர்ப் பலகை பாதி தெரிந்தது. அந்தப் படத்தை நீக்கினாள். மறுநாள் காலையில் அடுத்த வரி வந்திருந்தது: ‘படத்தை ஏன் எடுத்துட்டே? நான்தான் பாத்துட்டேனே.’

கீழ்வீட்டு வசந்தாமணி, எதிர்ப்பட்டறையில் விசைத்தறி ஓட்டுகிறவள், தண்ணீர் வந்துவிட்டதென்று சொல்ல மேலே வந்தாள்.

“ஏம்புள்ள, மூஞ்சி ஏன் இப்பிடி வெளுத்துக் கெடக்குது?”

அக்சிலியா எல்லாவற்றையும் சொன்னாள். இந்த ஊரில் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை. “மொத்தத்தையும் அழிச்சிட்டு வேற ஊருக்குப் போயிடறேங்க்கா.”

“அழிச்சுப்போட்டா அவன் பாத்தது இல்லைன்னு ஆயிருமா? அங்கயும் வருவான்.” வசந்தாமணி திரையைக் குனிந்து பார்த்தாள். “இதைய எத்தன பேரு பாக்கறாங்க?”

“கொஞ்சம் பேருதான்.”

“அவுங்ககிட்டச் சொல்லு. எங்க பட்டறைல நாஞ் சொல்றேன். அப்பறம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போலாம், நானும் வாரேன்.”

அவள் படியிறங்கிப் பட்டறைக்குப் போய்விட்டு வருவதற்குள், அக்சிலியா முகப்புப் பக்கத்தில் எழுதினாள். ‘இந்தத் தளத்தை நடத்துகிறவள் பெயர் அக்சிலியா. என்னைத் தேடிக்கொண்டிருப்பவன் பெயர் ஜெரால்ட். என் கையை ஒடித்தவன். இங்கே புதுச் செடி வருவது நின்றால், அவனைக் கேளுங்கள்.’ தன் பெயரைப் பச்சை எழுத்தில் ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். கண்ணை மூடிக்கொண்டு தளத்தில் ஏற்றினாள்.

சேலை மாற்றிக்கொண்டு இருவரும் ஸ்டேஷனுக்குக் கிளம்பும் நேரத்தில் கரண்ட் போனது. தெருவிலிருந்த தறிகள் எல்லாம் ஒன்றாக நின்றன. அந்த அமைதியில், தெருமுனையில் ஒரு பைக் திரும்பும் சத்தம் தெளிவாகக் கேட்டது. மெதுவாக, ஒவ்வொரு வாசலாகப் பார்த்துக்கொண்டு வருகிற வேகம்.

“அவனா?” என்றாள் வசந்தாமணி.

ஹெல்மெட்டில் முகம் தெரியவில்லை. அக்சிலியா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வசந்தாமணி சொல்லிவைத்திருந்த பட்டறைக்காரர்கள் புழுக்கம் தாங்காமல் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். தலையிலும் புருவத்திலும் பஞ்சு வெள்ளையாய்ப் படிந்திருக்க, தெருவின் இரண்டு பக்கமும் நின்று, நடுவில் வந்த பைக்கையே பார்த்தார்கள். பைக்கில் இருந்தவன் ஒரு காலைத் தரையில் ஊன்றினான். அதற்கு மேல் வண்டி நகரவில்லை.